மூன்று ஏக்கரும் பங்காம்!

தோட்டத் தோழர்களே!

அணை கட்டுகிறவர்கள் இப்பொழுது புதுச்சொல் ஒன்றைக் கற்றிருக்கிறார்கள். “பூர்வகுடிகளும் எங்கள் பங்காளிகள்” என்கிறார்கள். நல்லது. கணக்கெழுதிப் பிழைக்கும் கிராணி நான். பங்காளி என்றால், பேரேட்டில் அவன் பெயருக்கு நேரே எவ்வளவு என்றுதான் முதலில் பார்ப்பேன்.

சரவாக்கின் பாக்குன் அணையைப் பாருங்கள். 2,400 மெகாவாட்! 1998, 1999-ஆம் ஆண்டுகளில் காயான், கென்யா, பெனான் முதலிய மக்கள் சுமார் 10,000 பேரை ஆற்றோர நீண்ட வீடுகளிலிருந்து கிளப்பி, சுங்கை ஆசாப்பில் கொண்டுபோய் விட்டார்கள். அணையில் தண்ணீர் நிறைக்கத் தொடங்கியதோ 2010-இல்! சிங்கப்பூர் அளவு நிலம் மூழ்கிற்று. காட்டையும் ஆற்றையும் ஆண்ட குடும்பத்துக்குக் கிடைத்தது மூன்று ஏக்கர். அது பங்கா, வாயை அடைக்கும் பிடி சோறா?

“வெளியே போ” என்ற சொல் நமக்குப் புதிதா? 1950-களில் தோட்டங்களைத் துண்டு துண்டாக்கி விற்றபோது, லயத்தை விட்டுச் சட்டிபானையோடு நடுத்தெருவில் நின்றவர்கள் நம் பெற்றோரும் பாட்டன்மாரும். அதனால்தான் 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்வெட்டுத் தொழிலாளி பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிய பணத்தில் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. பங்கு என்றால் அது!

கனடாவின் மனிதோபாவில் அணைத் திட்டம் ஒன்றில் கிரீ பூர்வகுடிச் சமூகம் ஒன்று 2006-இல் ஒப்பந்தம் செய்து, மூன்றில் ஒரு பங்குவரை உரிமை பெற்றது. வுஸ்குவாதிம் என்று பெயர். ஆயினும் அதிலும் ஒரு கண்ணி உண்டு: பங்கு வாங்கக் கடன் பட வேண்டும், கட்டுச்செலவு ஏறினால் பங்காளியின் தலையிலும் ஏறும். ஏறவும் செய்தது. ஆகவே கையெழுத்துப் போடுமுன் சின்ன எழுத்தையும் வாசிக்க வேண்டும்.

அதற்கும் முன்னால் ஒன்று இருக்கிறது: “வேண்டாம்” என்று சொல்லும் உரிமை. பாராம் மக்கள் 2013-இல் சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். இரண்டு ஆண்டுக்கு மேல் அசையவில்லை. முதலமைச்சர் அட்னான் சாத்தேம் 1,200 மெகாவாட் அணையைக் கைவிட்டார்.

“மின்சாரம் வேண்டாமா?” என்று கேட்பார்கள். வேண்டும் ஐயா! மண்ணெண்ணெய் விளக்கில் படித்துக் கண் கெட்டவர்களைத் தோட்டத்தில் இன்னும் காணலாம். நாம் கேட்பது வேறு.

கிளந்தானில் தெமியார் மக்களின் நிலத்தில் நெங்கிரி அணை எழுகிறது; 300 மெகாவாட். கட்டுவது தெனாகா நேஷனல். அந்தக் கம்பெனியின் பங்குகளில் நமது ஊழியர் சேமநிதிப் பணமும் கிடக்கிறது! நம் வியர்வை பங்குதாரர் பக்கத்தில் நிற்கிறது. காட்டுக்காரன் பெயர் எந்தப் பக்கத்தில்? நஷ்டஈட்டுப் பக்கத்திலா, இலாபப் பக்கத்திலா? அடுத்த கிளைக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக எழுதி, ஆளுக்கொரு கையெழுத்துப் போட்டுத் தலைமையகத்துக்கு அனுப்புங்கள். படிக்கத் தெரியாத அம்மாவின் கைநாட்டும் செல்லும்.

– ஓர் எஸ்டேட் கிராணி, டத்தோ கிராமாட், பினாங்கு