அளந்து காட்டச் சொல்லுங்கள்

வீடு கட்டுவோர் செங்கல்லைத் தட்டிப் பார்த்து வாங்குகின்றனர். மணலைக் கையில் அள்ளித் தேய்த்துப் பார்க்கின்றனர். தரைக்கு டைல்ஸ் தேர்ந்தெடுக்கக் குடும்பமே கடைக்குச் செல்கிறது. ஆனால் மின்சார வேலை முடிந்த நாளில் மட்டும், எல்லா விளக்குகளும் எரிகின்றனவா என்று பார்த்துவிட்டுக் கணக்கைத் தீர்த்துவிடுகின்றனர். விளக்கு எரிவது வேலை சரியாக நடந்ததற்குச் சான்று ஆகாது.

சுவிட்சை ஃபேஸ் கம்பியில் வைக்காமல் நியூட்ரல் கம்பியில் வைத்தாலும் விளக்கு எரியும், அணையும். ஆனால், அணைத்த பின்னும் ஹோல்டரில் 230 வோல்ட் நிற்கும். பல்பை மாற்றக் கை வைப்பவருக்கு அது தெரியாது. மூன்று துளை பிளக்கில் எர்த் கம்பியே இணைக்கப்படாவிட்டாலும் குளிர்பதனப் பெட்டி ஓடும், வெந்நீர்க் கொதிகலன் சூடேறும். கருவிக்குள் மின்காப்பு பழுதடையும் நாள் வரை குறை வெளிப்படாது. இந்தியாவில் ஆண்டுதோறும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மின்சாரம் தாக்கி உயிரிழக்கின்றனர் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் தெரிவிக்கின்றன. எல்லா இறப்புகளும் வீட்டு வயரிங்கால் நேர்ந்தவை அல்ல; எனினும் அலட்சியமாக இருக்கக்கூடிய எண்ணிக்கை அன்று அது.

மின்கசிவைக் கண்டு இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி பொருத்தியிருக்கிறோமே என்று சிலர் நிம்மதி கொள்வர். 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் அக்கருவி இன்றியமையாதது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதன் சோதனைப் பொத்தானை அழுத்தும்போது சோதிக்கப்படுவது அக்கருவி மட்டுமே. சமையலறைப் பிளக்கில் எர்த் கம்பி இருக்கிறதா என்பதை அப்பொத்தான் சொல்லாது. அதை மீட்டர்தான் சொல்ல வேண்டும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பிளக்கின் பெரிய துளையிலிருந்து முதன்மை எர்த் முனை வரை ஓம் அளவைப் பார்ப்பதற்கு ஒரு பிளக்குக்கு ஓரிரு நிமிடங்களே ஆகும். சாதாரண வீட்டில் அது ஓர் ஓமைத் தாண்ட வேண்டிய காரணமில்லை. அடுத்து, விளக்குகளையும் கருவிகளையும் கழற்றிவிட்டு 500 வோல்ட் மெக்கரால் மின்காப்பைச் சோதிக்க வேண்டும். வண்ணம் பூசுவதற்கு முன் இவை முடிந்துவிட்டால், குறை இருந்தாலும் திருத்துவது எளிது.

தொலைத்தொடர்புக் கம்பிகளிலும் இதே கதைதான். கணினி வலையமைப்புக்கான கேபிளில் எட்டுக் கம்பிகள் நான்கு இணைகளாக முறுக்கப்பட்டுள்ளன. அம்முறுக்குதான் ஓர் இணையின் சமிக்ஞை அடுத்த இணையில் கலவாமல் காக்கிறது. முனையிலுள்ள பிளக்கில் 3, 6 ஆகிய ஊசிகளுக்கு ஒரே இணையின் கம்பிகள் செல்ல வேண்டும். முறை அறியாதவர் இணைகளை வரிசையாக அடுக்கிவிடுவார். இரு முனைகளிலும் அவ்வாறே செய்தால், மலிவான சோதனைக் கருவியில் எட்டு விளக்குகளும் ஒழுங்காக எரியும். அதிவேகத் தரவு ஓடும்போதுதான் இணைப்பு தடுமாறும். வங்கிக் கிளையில் 'லிங்க் இல்லை' என்ற பதிலைக் கேட்டுத் திரும்பியவர்களுக்கு, ஒரு கம்பி இணைப்பின் விலை என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

தொழிற்பயிற்சி நிலையங்களில் எலக்ட்ரீசியன் பிரிவு ஈராண்டுப் படிப்பு. செய்முறைத் தேர்வும் உண்டு. ஆனால் சரியாக இணைத்த பலகையில் விளக்கை எரியவைத்துக் காட்டுவதோடு திறன் நிரூபணமாகிவிட்டதாகக் கொள்ளலாகாது. தேர்வாளர் மறைவாக ஒரு குறையை உண்டாக்கி, மாணவர் மீட்டரைக் கொண்டு அதைக் கண்டுபிடித்து, காரணத்தையும் சொல்லுமாறு செய்ய வேண்டும். ஒளியிழையை உருக்கி இணைக்கும் கருவியின் விலை அதிகம். ஒரு கருவியை வகுப்பே சுற்றி நின்று வேடிக்கை பார்த்தால் கை பழகாது. மல்டிமீட்டருக்கு அந்தச் சாக்கு இல்லை. அது சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது.

பழியை முழுவதும் தொழிலாளர் மீது சுமத்துவதும் நியாயமன்று. 'பாயிண்ட்டுக்கு இவ்வளவு' என்று கூலி பேசுகிறோம். சோதிக்கும் நேரத்துக்கு அக்கணக்கில் இடமே இல்லை. சோதிப்பவர் நட்டப்படுகிறார், சோதிக்காதவர் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார். ஆகவே சோதனைக்கெனத் தனிக் கூலியை முதலிலேயே பேசிவிடுவது நல்லது. வீட்டுக் கடன் கட்டட முன்னேற்றத்துக்கேற்பத் தவணைகளாக விடுவிக்கப்படுவதுபோல, வயரிங் கூலியின் கடைசிப் பகுதியை அளவுகள் கைக்கு வந்த பின் கொடுக்கலாம். கருவி வாங்க முதலில்லாத இளைஞர்களுக்கு முத்ரா திட்டம் உள்ளது: மெக்கர், மீட்டர் போன்றவற்றுக்கு 50,000 ரூபாய் வரையிலான சிசு கடனும், ஒளியிழைக் கருவிக்கு அதற்கு மேல் 5 லட்சம் வரையிலான கிஷோர் கடனும் பொருந்தும்.

அளவுகளைத் தேதியோடு ஒரு தாளில் எழுதி, வேலை செய்தவரின் கையொப்பத்துடன் மின்பகிர்வுப் பெட்டியின் கதவின் உட்புறம் ஒட்டி வைக்கச் சொல்லுங்கள். பத்தாண்டுகள் கழித்துப் பழுது பார்க்க வருபவர் முதலில் தேடுவது அந்தத் தாளைத்தான்.