மல்லும் வினாவும்

மற்போர் உடல்வலியால் வெல்வது; ஆங்கே பேச்சுக்கு இடமில்லை என்பது பலர் எண்ணம். யூடோக் கலையைத் தோற்றுவித்த யிகோரோ கானோவின் வரலாறு வேறு கூறுகின்றது.

1877ஆம் ஆண்டு, மெலிந்த உடலினரான மாணவர் கானோ, டோக்கியோவில் புகுடா என்னும் ஆசானிடம் யூயுத்சு பயிலச் சென்றார். ஒருநாள் தம்மை ஆசான் வீழ்த்தியதும், கையையும் காலையும் எவ்வாறு வைத்தல் வேண்டுமென வினவினார். ஆசானோ விளக்காது மீண்டும் வீழ்த்தினார். வினவுந்தோறும் தரையே விடையாயிற்று! பலகாற் பயின்றாலன்றிச் சொல்லால் விளங்காது என்பது அவர் கொள்கை.

அதிலும் உண்மை உண்டு. ஆயினும் கானோ வினாவைக் கைவிட்டாரல்லர். பருத்த தோழர் ஒருவரை வெல்ல இயலாதபோது, நூலகத்தில் மேனாட்டு மல்யுத்த நூலை ஆராய்ந்து, எதிரியைத் தோளிற் சுமந்து வீழ்த்தும் முறையைக் கண்டார்.

பின்னாளில், எதிரியின் சமநிலையைக் குலைத்த பின்னரே வீழ்த்தவேண்டும் என்று தெளிந்து, ஈகுபோ என்னும் மற்றோர் ஆசானைப் பலமுறை வீழ்த்தினார். ஐம்பதைக் கடந்த அப்பெரியார் சினவாது காரணங் கேட்டார். மாணவர் விளக்கினார். இனித் தாம் கற்பிக்க எதுவுமில்லையென ஆசான் ஒப்புக்கொண்டார்.

1882இல் கானோ நிறுவிய கோடோகான் பயிற்சிக்கூடத்தில், உடற்பயிற்சியோடு வினாவிடையும் பாடமுறைகளுள் ஒன்றாயிற்று.

இதனைப் படித்தபோது நாணினேன். வகுப்பில் "ஏன்?" என்று எழுந்த மாணவனை, "முதலில் மனனஞ் செய்" என்று அமர்த்திய நாள்கள் என் நினைவில் உள.

மாணவர்களே, தவறிய கணக்கையும் தோழரோடு கூடி ஆராயுங்கள். பெற்றோரே, பிள்ளைகள் வினவும்போது நாமும் செவிசாய்ப்போம். மாணவனிடம் தோற்றும் காரணங் கேட்ட அவ்வாசான் சிறுமையுற்றாரல்லரே!