பாட்டி ஏன் பஸ் ஏற மறுக்கிறாள்?

திண்டிவனத்தில் இருந்து விழுப்புரம் சுமார் 40 கிலோ மீட்டர். பேத்தி கல்யாணத்துக்கு வீடே புறப்படுகிறது. பாட்டி மட்டும், "என்னால முடியல, நீங்க போயிட்டு வாங்க" என்கிறாள்.

காரணம் என்ன? இருமினால், தும்மினால், குடத்தைத் தூக்கினால் சிறுநீர் கசிகிறது. பஸ்சில் சேலை நனைந்து விடுமோ என்று பயம். மகளிடம் சொல்லவும் வெட்கம்!

"வயதானால் இப்படித்தான்" என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. இதற்கு வைத்தியம் உண்டு.

ஏன் வருகிறது?

பிரசவங்களாலும், மாதவிலக்கு நின்றபின் உண்டாகும் மாறுதலாலும், சிறுநீர்ப் பையைத் தாங்கும் சதைகள் தளர்கின்றன. தீராத இருமல், மலச்சிக்கல், சர்க்கரை நோய் ஆகியவையும் காரணம் ஆகலாம். சிலருக்கு அவசரம் வந்தால், கக்கூசுக்குப் போவதற்குள் நனைந்து விடும்.

பயந்து தண்ணீரைக் குறைத்தால் எரிச்சலும் மலச்சிக்கலும்தான் மிச்சம்.

காசில்லாத வைத்தியம்

அமெரிக்க டாக்டர் ஆர்னால்டு கெகல் 1948-ம் ஆண்டில் ஒரு பயிற்சியை வெளியிட்டார். சிறுநீரையும் காற்றையும் அடக்குவதுபோல் அடிச் சதையை இறுக்க வேண்டும். சில விநாடி பிடித்துப் பிறகு விட வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது. வேளைக்கு 10 தடவை, தினம் 3 வேளை. சிறுநீர் கழிக்கும்போது செய்யக் கூடாது. 3 மாதம் விடாமல் செய்தால் பலருக்குக் குணம் தெரியும்.

யார் சொல்லிக் கொடுப்பது?

தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டு 5-ந் தேதி "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தைத் தொடங்கியது. சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு மாத்திரைகளைப் பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே கொண்டு போய்க் கொடுக்கும் திட்டம் அது.

ரத்தக் கொதிப்பு மாத்திரைகளில் சில, சிறுநீரைப் பெருக்கும். அதற்குப் பயந்து மாத்திரையை நிறுத்தினால் ஆபத்து! டாக்டரிடம் சொன்னால் வேறு வழி செய்வார். ஆனால், சொன்னால்தானே?

ஆகவே, மாத்திரை கொண்டு வரும் பெண், "ஆயா, ஒண்ணுக்கு அடக்க முடியுதா?" என்று ஒரு கேள்வி சேர்த்துக் கேட்க வேண்டும். மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டத்தில் இந்தப் பயிற்சிக்கு 10 நிமிடம் ஒதுக்க வேண்டும். ஒருத்தி வாய் திறந்தால், நாலு பேர் "எனக்கும்தான்" என்பார்கள்.

சிறுநீரில் ரத்தம், காய்ச்சல், வலி, கருப்பை இறக்கம் இருந்தால் தாமதிக்கக் கூடாது. திண்டிவனம் அரசு ஆஸ்பத்திரிக்கோ, முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கோ போக வேண்டும்.

அதற்கு முன், வீட்டில் யாராவது ஒருவர் பாட்டியைத் தனியே அழைத்து அன்பாகக் கேட்க வேண்டும். அடுத்த கல்யாணத்துக்காவது அவள் பஸ் ஏற வேண்டாமா?