இரைச்சல் என்னும் பழி

இசை வேறு, இரைச்சல் வேறு என்று தீர்ப்பளிப்போர் நம்மிடையே பெருகிவிட்டனர். முழங்கும் மின்கிதாரும் விரைந்து பொழியும் 'ராப்' சொல்லடுக்கும் அரசியலோடு சேர்ந்துவிட்டால், 'அந்நியச் சரக்கு. கலையன்று, கூச்சல்' என்று ஒதுக்கிவிடுகின்றனர். இத்தீர்ப்பை நாம் ஏற்பதற்கில்லை. இப்பழி ஒலியின் மீது சுமத்தப்படுவதன்று. மேடையேறியவர் மீது சுமத்தப்படுவது.

'ராப் மெட்டல்' எனப்படும் இவ்விசையின் பெயர்பெற்ற சான்றையே எடுத்துக்கொள்வோம். ராட்னி கிங் என்ற கறுப்பரை லாஸ் ஏஞ்சல்ஸ் காவலர்கள் 1991இல் அடித்து நொறுக்கினர். 1992இல் அவர்கள் மாநில நீதிமன்றத்தில் தண்டனையின்றித் தப்ப, நகரம் பற்றி எரிந்தது. அவ்வாண்டின் இறுதியில் அந்நகரத்து 'ரேஜ் அகெய்ன்ஸ்ட் தி மெஷின்' குழுவினர் வெளியிட்ட பாடலே 'கில்லிங் இன் தி நேம்'. கிதாரின் தடித்த தந்தியைத் தளர்த்திச் சுருதியை இறக்கி, அதற்கு அடித்தளம் அமைத்தார் டாம் மொரெல்லோ. பாட்டின் சொற்களோ மிகச் சில. அவையே மீண்டும் மீண்டும் வந்து, முணுமுணுப்பிலிருந்து முழக்கமாக ஏறுகின்றன. அந்த ஏற்றமே அதன் வாதம். பொறுத்துப் பார்த்தவன் இறுதியில் மறுத்துரைப்பதை மெல்லிசையில் உணர்த்த இயலுமோ?

நம் நாட்டுக்கு வருவோம். 2018 ஜனவரி 6ஆம் நாள், சபாக்களின் மார்கழி முடியுமுன்னரே, சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவின் 19 கலைஞர்கள் முதன்முறையாக மேடையேறினர். இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் உருவாக்கிய குழு இது. அயோத்திதாசப் பண்டிதர் வழங்கிய 'சாதி பேதமற்ற' என்னும் சொல்லே பெயருக்கு மூலம். பறையும் சட்டியும் கானாவும் ராப்பும் மின்கிதாரும் அங்கே ஒன்றாயின. இடஒதுக்கீடும் மாட்டிறைச்சியும் அம்பேத்கரும் பாடுபொருளாயினர். சிலர் செவிகளை உறுத்தியது தாளமா, பொருளா?

அந்நியச் சரக்கு என்போருக்குக் கொல்லிமலை அடிவாரமாகிய காரவள்ளியிலிருந்து விடை கூறுகிறோம். இம்மலைக்குரிய வல்வில் ஓரியைப் பாடிய வன்பரணர், புறநானூற்றின் 152ஆம் பாடலில் முழா, யாழ், தூம்பு, எல்லரி, ஆகுளி, பதலை ஆகியவற்றை ஒருங்கே ஒலிக்கச் செய்கிறார். யாழ் மட்டுமே இசை, தோற்கருவி இரைச்சல் என்று ஓரி பாணரைத் திருப்பி அனுப்பினானில்லை, பரிசில் தந்தான். தப்ஸ் கொட்டித் தெருத்தெருவாய்ப் பாடிவந்த பக்கீர்களைக் கேட்டு வளர்ந்த நமக்கும் இது புதிதன்று.

எதிர்ப்புப் பாட்டும் சந்தைப் பண்டமாகிவிடுகிறதே என்பாரும் உளர். உண்மைதான். 2009இல் பிரிட்டனின் பொதுமக்கள், தொலைக்காட்சிப் போட்டி வெற்றியாளரின் பாட்டை வீழ்த்தி, 'கில்லிங் இன் தி நேம்' பாடலைக் கிறிஸ்துமஸ் விற்பனைப் பட்டியலின் முதலிடத்தில் அமர்த்தினர். வென்றதும் தோற்றதும் சோனி குழுமத்தின் வெளியீடுகளே! ஆயினும் இந்நோய்க்கு மருந்து பாடகனின் வாயை அடைப்பதன்று. வணிகர் தயவின்றி அவன் பாடுதற்கு மேடைகளைத் திறப்பதே மருந்து.

ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் இம்மலைமீது அரசு வல்வில் ஓரிக்கு விழா எடுக்கிறது. அம்மேடையிலும் மார்கழிச் சபாக்களிலும் பறையும் ராப்பும் ஏறட்டும். பாடப்படும் கருத்தில் உடன்பாடில்லாதோர் கருத்தால் மறுக்கட்டும். இரைச்சல் என்று சொல்லிச் செவிபொத்துவது மறுப்பாகாது. அது அச்சத்தின் வேறொரு பெயர்.