பரண்ல கிடந்த டப்பாவும், இஎம்ஐ-ல வாங்கின பெட்டியும்

நம்ம சேனல்ல பட்ஜெட் வீடியோ போட்டாலே, "சார், ஹாபிக்குச் செலவு பண்றது தப்பா?"ன்னு யாராவது கேட்டுடுவாங்க. தப்பே இல்லை. ஆனா எதுக்காக வாங்குறோம்னு தெரிஞ்சு வாங்கணும். நான் இதைக் காசு கட்டித்தான் கத்துக்கிட்டேன்.

சின்ன வயசுல என்கிட்ட ஒரு மெக்கானிக்ஸ் செட் இருந்துச்சு. ஓட்டை போட்ட தகரப் பட்டைகள், குட்டி ஸ்பேனர், போல்ட், நட்டு. அப்பா போனஸ் பணத்துல வாங்கித் தந்த சின்ன செட். பெரிய செட் கேட்டப்ப, "அடுத்த தீபாவளிக்குப் பார்க்கலாம்"னார். அந்தத் தீபாவளி வரவே இல்லை.

முப்பது வயசு தாண்டி கையில காசு வந்ததும், 18,000 ரூபாய்க்கு ஒரு லெகோ செட் வாங்கினேன். ஆறு மாச நோ காஸ்ட் இஎம்ஐ! மொத்தமா கட்டியிருந்தா 900 ரூபாய் தள்ளுபடி, அது போச்சு. பிராசஸிங் கட்டணம் 199, அதுக்கு 18% ஜிஎஸ்டி, வட்டிப் பகுதிக்கும் ஜிஎஸ்டி. 'நோ காஸ்ட்'டுக்கு ஆன காஸ்ட் 1,200 ரூபாய்க்கு மேல. ஆறு தவணையும் முடிஞ்சுது. பெட்டியை மட்டும் பிரிக்கலை. ஆடிட் சீசன், நேரமில்லை.

இந்த வருஷ போகிக்கு ஊர்ல பரணை ஒழிச்சப்ப, பழைய பிஸ்கட் டப்பாவுல அந்த மெக்கானிக்ஸ் கிடைச்சுது. பாதி நட்டு துருப்பிடிச்சிருந்துச்சு. மதியம் முழுக்க உட்கார்ந்து மூணு சக்கர வண்டி ஒண்ணு செஞ்சேன். நாலாவது சக்கரத்தைக் காணோம். அப்பா பக்கத்துல உட்கார்ந்து நட்டு எடுத்துக் கொடுத்தார். "அந்தப் பெரிய செட்டை அன்னிக்கே வாங்கித் தந்திருக்கலாம்டா"ன்னார். வீட்டுல 18,000 ரூபாய் பெட்டி பிரிக்காம கிடக்குன்னு அவர்கிட்ட எப்படிச் சொல்ல?

அன்னிக்கு நமக்குப் பணம் குறைவு. இன்னிக்கு நேரம் குறைவு. அந்தக் குறையைப் பணத்தை வச்சு அடைக்கப் பார்க்கிறோம். அது அடையாது.

அதனால என் கணக்கு இதுதான்:

ஒண்ணு, மாசம் 500 ரூபாய் தனியா எடுத்து வைங்க. சேர்ந்த பிறகு வாங்குங்க. பொம்மைக்கு இஎம்ஐ வேண்டாம்.

ரெண்டு, கையில இருக்கறதைக் கட்டி முடிக்காம அடுத்தது வாங்காதீங்க. எட்டுப் புள்ளி லெகோ கட்டை ஒரே நிறத்துல ஆறு இருந்தாலே 91 கோடிக்கு மேலான விதங்கள்ல அடுக்கலாம்.

மூணு, பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020-ல 20%-லேர்ந்து 60%, 2023-ல 70% ஆச்சு. புது செட் விலை கடிக்கத்தான் செய்யும். ஆனா 1958-ல வந்த லெகோ கட்டை இன்னிக்கு வர்ற கட்டையோடயும் பொருந்தும். உதிரியா செகண்ட் ஹேண்ட்ல வாங்கினா ஒண்ணும் குறைஞ்சிடாது.

நாலு, "இது இன்வெஸ்ட்மென்ட்"னு வீட்டுல சமாளிக்காதீங்க. பழைய செட்டுக்கு நல்ல விலை கிடைக்குதுன்னா, அது பெரும்பாலும் சீல் உடைக்காத பெட்டிக்கு. பிரிச்சா முதலீடு போச்சு, பிரிக்கலைன்னா ஹாபி போச்சு. செலவுன்னே எழுதுங்க, தைரியமா எழுதுங்க.

பொங்கல் முடிஞ்சு வந்த ஞாயித்துக்கிழமை என் பெட்டியைப் பிரிச்சேன். வாரம் ரெண்டு மணி நேரம்தான். இன்னும் பாதிகூட முடியலை. அடுத்த மாசம் அப்பா வர்றார், மீதியை அவர் வந்ததும் பார்த்துக்கலாம்னு வச்சிருக்கேன்.

உங்க வீட்டுப் பரண்ல என்ன கிடக்கு? புதுசா ஆர்டர் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஏறிப் பாருங்க.