நட்டம் யார் தலையில்?

வடக்கிலும் கிழக்கிலும் வயலுக்குச் சொந்தக்காரர் பலர் இன்று வயலில் இல்லை. ஆசிரியராகவும் வைத்தியராகவும் நியாயவாதியாகவும் எழுதுவினைஞராகவும் நகரங்களில் வாழ்கின்றனர். கடல் கடந்து வாழ்வோரும் உளர். இரணைமடுவின் கீழும், கட்டுக்கரைக் குளத்தின் கீழும், உன்னிச்சைக் குளத்தின் கீழும் அவர்தம் வயல்களை உழுது விதைப்பவர் வேறொருவர். இவ்விரு சாராரையும் பிணைத்து நிற்பது குத்தகை. அக்குத்தகை நீதியானதுதானா என்பதை இரு சாராருமே சிந்திக்கவேண்டிய காலம் வந்துவிட்டது.

ஏக்கருக்கு இவ்வளவு பணம், அல்லது இத்தனை மூடை நெல் என்று விதைப்புக்கு முன்னரே பேசி முடிக்கப்படுகின்றது. பெரும்பாலும் எழுத்தில்லை, வாய்ப்பேச்சே ஒப்பந்தம். அன்று தொடக்கம் நிலச் சொந்தக்காரரின் வருவாய் உறுதியாகிவிடுகின்றது. மழையும் சந்தையும் கொணரும் ஆபத்து அனைத்தும் கமக்காரன் தலையில் ஏறிவிடுகின்றது.

அவ்வாபத்து எத்தகையது? 2005ஆம் ஆண்டின் பின் பல போகங்களில் மானியமாக 350 ரூபாவுக்குக் கிடைத்த 50 கிலோ யூரியா மூடை, 2022ஆம் ஆண்டுச் சிறுபோகத்தில் அரசாங்க விநியோகத்திலேயே 10,000 ரூபாவாயிற்று. அதற்கு முந்திய ஆண்டு மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்த அரசாங்கம், பெரும்போக விதைப்பு நடந்துகொண்டிருந்த நவம்பரிலேதான் அத்தடையை நீக்கியது. 2024 நவம்பர் வெள்ளம் மட்டக்களப்பு, அம்பாறை வயல்களை மூழ்கடித்தது. இவற்றுள் எதனைக் கமக்காரன் தன் திறமையால் தடுத்திருக்க முடியும்?

ஒரு கணக்கைப் பார்ப்போம். உழவு, விதை, பசளை, களைநாசினி, அறுவடை இயந்திரக் கூலி, கமக்காரனின் சொந்த உழைப்புக்குரிய கூலி யாவும் சேர்ந்து ஏக்கருக்கு 90,000 ரூபா எனவும், குத்தகை 30,000 ரூபா எனவும் வைத்துக்கொள்வோம். விளைவு 1,600 கிலோ. 2025 பெப்ரவரியில் நாட்டு நெல்லுக்கு அரசாங்கம் அறிவித்த 120 ரூபாப்படி வரவு 192,000 ரூபா. செலவும் குத்தகையும் போகக் கமக்காரனுக்கு 72,000 ரூபா மிஞ்சும். பாதி விளைவு அழிந்தாலோ வரவு 96,000 ரூபா. சொந்தக்காரர் 30,000 ரூபாவைப் பெறுவார். கமக்காரன் 24,000 ரூபா கடனாளியாவான். மனைவியின் நகை வங்கிக்கு அடகு போகும். அடுத்த போகத்துக்கு வியாபாரியிடம் கடனுக்கு விதையும் பசளையும் வாங்கி, அவர் சொல்லும் விலைக்கே களத்தில் நெல்லை அளக்கவேண்டி வரும்.

இதே வயலில் வேறோர் ஒழுங்கைக் கையாள்வோம். வருவாயில் முதலிற் செலவு கழிக்கப்படட்டும். எஞ்சியதில் மூன்றில் ஒரு பங்கு நிலத்துக்கு, இரு பங்கு உழைப்பவனுக்கு. நல்ல போகத்தில் சொந்தக்காரருக்கு 34,000 ரூபா, கமக்காரனுக்கு 68,000 ரூபா. பாதி அழிந்த போகத்தில் எஞ்சுவது 6,000 ரூபாவே. ஆயினும் எவரும் கடனாளியாகார். நல்ல காலத்திற் சற்றுக் கூடுதலாகப் பெறுபவர் கெட்ட காலத்திற் சற்றுக் குறைவாகப் பெறுவது அநீதியன்று. பிரித்தானியாவில் நிலமுடையோரும் இயந்திரமுடையோரும் கூடிச் செய்யும் தானியச் செய்கை ஒப்பந்தங்களும், செலவைக் கழித்து மிச்சத்தைப் பங்கிடும் இம்முறையையே தழுவியவை.

எழுதிக் கொடுத்தால் நிலம் கைவிட்டுப் போய்விடுமே என அஞ்சுவோர் உளர். 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் உழுபவனுக்குப் பாதுகாப்பளிக்க முயன்றது; அதற்கஞ்சிய சொந்தக்காரர் பலர் குடிகளை வெளியேற்றினர். அவ்வச்சம் இன்னும் மாறவில்லை. ஆனால் எழுத்தில்லாத குத்தகை இருவரில் எவரையும் காக்கவில்லை. தகராறு எழுந்தால் சொந்தக்காரர் கையிலும் சான்று இல்லை. நட்டஈடு வந்தால் கமக்காரன் கையிலும் சான்று இல்லை. நம்மிடையே நியாயவாதிகளுக்குக் குறைவா? 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டத்தை ஆராய்ந்து, இரு சாராருக்கும் ஏற்ற எளிய மாதிரி உறுதி ஒன்றை அவர்கள் ஆக்கித் தரலாகாதா?

அவ்வுறுதியில் நான்கு விடயங்கள் தெளிவாக இருத்தல் வேண்டும். செலவுக்கு முன்பணம் யார் எவ்வளவு இடுவது. எச்செலவுகள் கணக்கில் ஏறும், அவற்றுக்குரிய சிட்டை யாரிடம் இருக்கும். விளைவு முற்றாக அழிந்தால் செலவை எவ்விகிதத்தில் ஏற்பது. காப்புறுதிப் பணம் வந்தால் யாரைச் சேர்வது. செலவிட்டவனுக்கே அப்பணம் முதலிற் சேரவேண்டும் என்பது நம் துணிபு. 2024 வெள்ளத்தின் பின் வழங்கப்பட்ட நட்டஈட்டின் உச்சவரம்பு ஏக்கருக்கு 40,000 ரூபாவே. செலவில் ஒரு பகுதியையே ஈடுசெய்யும் அத்தொகையும் வேறு கைக்குப் போவது கொடுமையன்றோ?

கமக்காரருக்கும் ஒரு சொல். கணக்கெழுதாதவன் பங்கு கேட்க முடியாது. உழவுக்கு எத்தனை முறை இயந்திரம் இறங்கியது, எத்தனை மூடை பசளை வீசப்பட்டது என்பதை ஒரு கொப்பியில் எழுதிவைக்க அதிக படிப்பு வேண்டியதில்லை. எழுதினாற்றான் எச்செலவு வீண் என்பதும் புலப்படும்.

அரசாங்கத்தின் பொறுப்பும் இதனாற் குறைந்துவிடாது. 2025இல் நெல் விலை அறிவிக்கப்பட்டபோது கிழக்கில் அறுவடை தொடங்கிவிட்டது. அவ்விலையும் 14 வீதத்துக்கு மேற்படாத ஈரப்பதனுள்ள நெல்லுக்கே உரியதாயிருந்தது. உலர்த்தக் களமில்லாதவனுக்கு அவ்விலை ஏட்டுச் சுரைக்காய். விதைப்புக்கு முன் விலையும், அறுவடைக்கு முன் உலர்களமும் வேண்டுமெனக் கேட்பது நம் உரிமை.

ஆயினும் கொழும்பின் முடிவுக்காகக் காத்திராமல் நாமே செய்யத்தக்கது குத்தகைச் சீர்திருத்தம். உழுபவன் கடனில் மூழ்கி வயலைவிட்டு வெளியேறினால், நகரத்தில் இருப்பவரின் நிலம் தரிசாகும். அவனைக் காப்பது தருமமன்று. தம் நிலத்தையே காப்பதாகும். அடுத்த பெரும்போகத்துக்கு நீர் திறக்குமுன், இரு சாராரும் ஒரு மேசையில் அமர்ந்து எழுதி முடிக்க முன்வருவார்களாக.