கென்யா போறீங்களா? சிங்கத்தை விடுங்க, கொசுவைப் பத்திப் பேசுவோம்



கொஞ்ச நாளாவே இன்பாக்ஸ்ல இரண்டு கேள்விகள் மாறி மாறி வருது.

முதல் கேள்வி: "டாக்டர், கென்யா டூர் போகலாம்னு இருக்கோம். ஆப்பிரிக்காவாச்சே, ஏதாவது வியாதி ஒட்டிக்குமா? பேசாம துபாயே போயிடலாமா?"

இரண்டாவது கேள்வி: "மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டாச்சு டாக்டர். இனிமே ஒண்ணும் பயமில்லையே?"

முதல் கேள்வியில இருக்கிற பயம் தேவையில்லாதது. இரண்டாவது கேள்வியில இருக்கிற தைரியம் ஆபத்தானது. இந்த இரண்டுக்கும் நடுவுல கென்யாவுக்கு எப்படிப் போயிட்டு வரணும்னு என் கருத்தைச் சொல்றேன். இழை கொஞ்சம் நீளம்தான். பொறுமையா படிங்க, பயணம் போறவங்களுக்கு அனுப்புங்க.

முதல்ல நாட்டைப் பத்தி.

கென்யான்னதும் நம்ம கண்ணு முன்னாடி வர்றது மசாய் மாரா. சிங்கம், ஜூலையில இருந்து அக்டோபர் வரைக்கும் கூட்டம் கூட்டமா ஆறு தாண்டுற வில்டபீஸ்ட். பார்க்க வேண்டிய காட்சிதான், மறுக்கலை. ஆனா அதை மட்டும் பார்த்துட்டுத் திரும்பினா பாதி கென்யாவைத்தான் பார்த்திருக்கீங்க. மீதி பாதி கடற்கரையில இருக்கு. நமக்கு ரொம்ப நெருக்கமான பாதியும் அதுதான்.

எப்படி நெருக்கம்? நடுவுல இருக்கிறது ஒரே கடல். வடகிழக்குப் பருவக்காற்று வீசும்போது இந்தியாவின் மேற்குக் கரையில இருந்தும் அரேபியாவில இருந்தும் பாய்மரக் கப்பல்கள் அந்தக் கரைக்குப் போகும். காற்று திசை மாறியதும் திரும்பி வரும். பல நூற்றாண்டுகளா நடந்த போக்குவரத்து இது. 1498-ல் வாஸ்கோடகாமா கோழிக்கோட்டுக்கு வந்தார்னு பள்ளிக்கூடத்துல படிச்சோம் இல்லையா? அதுக்கு வழி தெரிஞ்ச மாலுமியை அவர் கூட்டிட்டுக் கிளம்பினது கென்யாவின் மாலிந்தி துறைமுகத்தில இருந்துதான்.

அதனால அங்க பேசுற சுவாஹிலியில நமக்குத் தெரிஞ்ச சொற்கள் நிறைய காதுல விழும். சாய்னா டீ. சப்பாத்தின்னா சப்பாத்தியேதான். காரின்னா வண்டி. துகான்னா கடை. பீமான்னா இன்சூரன்ஸ். (கடைசிச் சொல்லை ஞாபகம் வச்சுக்கோங்க, அதுக்குப் பின்னாடி வர்றேன்.) கடற்கரை ஊர்கள்ல காலை உணவுக்கு மஹம்ரின்னு ஒரு இனிப்புப் பூரி, கூடவே தேங்காய்ப் பாலில் வேகவச்ச துவரை. நம்ம நாக்குக்கு அந்நியமா இருக்காது.

1896-ல் மொம்பாசாவில் தொடங்கிய ரயில் பாதையைப் போட இந்தியாவில இருந்து, பெரும்பாலும் பஞ்சாப் பக்கத்தில இருந்து, 30,000-க்கும் அதிகமான தொழிலாளர்களைக் கொண்டுபோனாங்க. சுமார் 2,500 பேர் அங்கேயே இறந்தாங்க. சாவோ பகுதியில சிங்கம் அடிச்சவங்களும் அதுல உண்டு. ஆனா சிங்கத்தைவிட நோய் கொண்டுபோன உயிர்கள்தான் அதிகம். அப்படிப் போனவங்கள்ல அங்கேயே தங்கினவங்க, பின்னாடி வியாபாரத்துக்குப் போனவங்க வாரிசுகள் இன்னிக்கும் இருக்காங்க. கென்யாவின் ஆசிய வம்சாவளி மக்களை அந்த நாட்டின் 44-வது இனமா 2017-ல் அந்த அரசே அறிவிச்சது.

இன்னிக்கு நைரோபியில இருந்து மொம்பாசாவுக்கு 2017-ல் வந்த புது ரயில்ல போகலாம். சுமார் 480 கிலோமீட்டர். சாவோ காட்டு வழியாத்தான் போகும். ஜன்னல் சீட் கிடைச்சா யானையைக்கூடப் பார்க்கலாம். மொம்பாசாவுல 1590-களில் போர்த்துகீசியர் கட்டிய ஃபோர்ட் ஜீசஸ் கோட்டை இருக்கு. தெற்கே போனா டியானி கடற்கரை, வெள்ளை மணல். வடக்கே வட்டாமு, பக்கத்துலயே காட்டுக்குள்ள மறைஞ்சு கிடக்கிற கெடி என்ற பழைய நகரம். இன்னும் வடக்கே லாமு தீவு. குறுகலான சந்துகள், காருக்குப் பதிலா கழுதைகள். லாமுவுக்கு விமானத்துல போங்க. அந்தப் பக்கமும் சோமாலியா எல்லையை ஒட்டியும் சாலைப் பயணம் வேண்டாம். பயண எச்சரிக்கைகளைப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

இவ்வளவு இருக்கிற நாட்டை "ஆப்பிரிக்கா, வியாதி" என்ற இரண்டே சொல்லுல ஒதுக்குறது நியாயமே இல்லை.

ஒரு மருத்துவனா இன்னொண்ணும் சொல்றேன். மலேரியாவைப் பத்தி உலகத்துக்குத் தெரிஞ்சதுல கணிசமான பங்கு கென்யாவில இருந்து வந்தது. அரிவாள் செல் மரபணுவை ஒரு பிரதி மட்டும் சுமக்கிறவங்களை மலேரியா அவ்வளவா தாக்காதுன்னு 1954-ல் எழுதினவர் அந்தோணி அல்லிசன், கென்யாவில் வளர்ந்தவர். அந்த மரபணு கடற்கரையிலயும் விக்டோரியா ஏரிப் பக்கமும் அதிகம், மேட்டு நிலத்துல குறைவுன்னு கவனிச்சதுதான் அவருக்குக் கிடைச்ச முதல் துப்பு. மொம்பாசாவுக்கும் மாலிந்திக்கும் நடுவுல இருக்கிற கிலிஃபி என்ற சின்ன ஊர்ல 1989-ல் இருந்து உலகத்தரமான மலேரியா ஆராய்ச்சி நடக்குது. நோய் இருக்கிற ஊர் அது, சரி. அந்த நோயை உலகத்துக்குப் புரிய வச்ச ஊரும் அதுதான்.

இப்ப இரண்டாவது கேள்விக்கு வருவோம், மஞ்சள் காய்ச்சல் ஊசி.

இந்தியாவில இருந்து நேராப் போறவங்ககிட்ட இந்த ஊசியைக் கட்டாயமாக் கேட்கிறது கென்யா இல்லை, நம்ம இந்தியாதான். அதுவும் திரும்பி வரும்போது. சான்றிதழ் இல்லாம வந்தா 6 நாள் வரைக்கும் தனிமைப்படுத்தி வைக்கலாம்.

ஏன் இவ்வளவு கெடுபிடி? மஞ்சள் காய்ச்சல் இதுவரைக்கும் இந்தியாவுக்குள்ள காலூன்றலை. ஆனா அதைப் பரப்புற ஏடிஸ் கொசு நம்ம வீட்டுத் தண்ணித்தொட்டியிலயே இருக்கு. டெங்கு பரப்புற அதே கொசு. 2006-ல வீட்டுக்கு வீடு மூட்டைப் பிடிச்சுக்கிட்டு நொண்டினது ஞாபகம் இருக்கா? அந்தச் சிக்குன்குனியா அலை 2004-ல் லாமுவிலும் மொம்பாசாவிலும் தொடங்கி, இந்தியப் பெருங்கடல் தீவுகள் வழியா நம்ம கரைக்கு வந்தது. காற்றும் கப்பலும் மட்டுமில்ல, வைரஸும் அதே கடலைத் தாண்டும். அதனால அந்தக் கெடுபிடி சரிதான்னு நான் நினைக்கிறேன்.

ஊசியை அரசு அங்கீகரிச்ச மையத்துல மட்டும் போடுங்க. சென்னையில கிண்டி கிங் இன்ஸ்டிடியூட், துறைமுக சுகாதார அலுவலகம் மாதிரி இடங்கள். போட்டு 10 நாள் கழிச்சுத்தான் சான்றிதழ் செல்லும். அதுக்கப்புறம் ஆயுசுக்கும் செல்லும். யாராவது "ஊசி வேண்டாம், அட்டை மட்டும் தர்றேன்"னு சொன்னா அந்தப் பக்கமே போகாதீங்க. 60 வயசு தாண்டினவங்க, கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், முட்டை அலர்ஜி கடுமையா இருக்கிறவங்க, எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிற மருந்து எடுக்கிறவங்க எல்லாரும் டிக்கெட் போடுறதுக்கு முன்னாடியே டாக்டரைப் பாருங்க. இது உயிருள்ள, வீரியம் குறைச்ச வைரஸ் தடுப்பூசி. எல்லாருக்கும் பொருந்தாது.

இப்ப நான் எழுத வந்த விஷயம்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி மலேரியாவைத் தடுக்காது. திரும்பவும் சொல்றேன், தடுக்காது. இரண்டும் வேற வேற நோய், வேற வேற கிருமி, வேற வேற கொசு. ஏர்போர்ட்ல மஞ்சள் அட்டையைக் கேட்பாங்க. மலேரியா மாத்திரை போட்டீங்களான்னு யாரும் கேட்க மாட்டாங்க. யாரும் கேட்காததாலயே நாமளும் அதை மறந்துடுறோம்.

டூர் நடத்துறவங்க அனுப்புற லிஸ்டைப் பாருங்க. ஜாக்கெட், தொப்பி, பைனாகுலர், பவர் பேங்க் எல்லாம் இருக்கும். மலேரியா மாத்திரை பல லிஸ்ட்ல இருக்காது. இதை அவங்க கட்டாயம் சேர்க்கணும். சேர்த்தா வாடிக்கையாளர் பயந்து ஓடிடுவார்னு நினைக்கிறது தப்பு. ஜாக்கிரதையா போயிட்டு நல்லபடியா வந்தவர்தான் அடுத்த டூருக்கும் காசு கட்டுவார்.

"நம்ம ஊர்லயும் கொசுதானே டாக்டர், சின்ன வயசுல இருந்து கடி வாங்கினவங்க நாம, நமக்கு எதிர்ப்பு சக்தி இருக்கும்"னு சொல்வீங்க. இல்லை. மலேரியாவுக்கு வர்ற எதிர்ப்பு சக்தி, திரும்பத் திரும்ப அந்தக் கிருமி தாக்கினாத்தான் ஓரளவு நிக்கும். கென்யாவிலயே பிறந்து வளர்ந்தவர் சில வருஷம் வெளிநாட்டுல இருந்துட்டு ஊருக்குப் போனா அவருக்கே அது குறைஞ்சிருக்கும். தமிழ்நாட்டுல இருந்து போற நமக்குக் கிட்டத்தட்ட பூஜ்யம். அதோட தமிழ்நாட்டுல நாம பார்க்கிறது பெரும்பாலும் வைவாக்ஸ் வகை. கென்யாவில பெரும்பாலும் ஃபால்சிபேரம். மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கி ஆளைச் சாய்க்கிற வகை அதுதான்.

எங்க எவ்வளவு ஆபத்து? நைரோபி ஏறக்குறைய நம்ம குன்னூர் உயரத்துல இருக்கு, அங்க ரொம்பக் குறைவு. கடற்கரையிலயும் விக்டோரியா ஏரிப் பக்கமும் அதிகம். மாராவிலயும் இல்லைன்னு சொல்ல முடியாது.

என்ன செய்யணும்?

ஒண்ணு: கிளம்ப ஒரு மாசம் முன்னாடி டாக்டரைப் பாருங்க. தடுப்பு மாத்திரையில பல வகை இருக்கு. சிலது தினமும், சிலது வாரம் ஒருமுறை. யாருக்கு எதுன்னு வயசு, கர்ப்பம், மத்த மருந்துகள் பார்த்துத்தான் சொல்லணும். மெடிக்கல் ஷாப்ல நீங்களா குளோரோகுயின் வாங்காதீங்க, அங்க இருக்கிற ஃபால்சிபேரத்துக்கு அது கேட்காது.

இரண்டு: மாத்திரையைத் திரும்பி வந்த பிறகும் தொடரணும். வகையைப் பொறுத்து ஒரு வாரமோ நாலு வாரமோ. வீட்டுக்கு வந்ததும் பெட்டியோட சேர்த்து மாத்திரையையும் பரண்ல போட்டுடக் கூடாது. கடிச்ச கொசு அங்கேயே இருக்கும், கிருமி உங்களோட விமானம் ஏறியிருக்கும்.

மூணு: மலேரியா கொசு சாயங்காலத்தில இருந்து விடியற வரைக்கும் கடிக்கும். முழுக்கை சட்டை, கொசு விரட்டி, கொசுவலை. சுவாஹிலியில கொசுவுக்கு "ம்பு"ன்னு பேர். ஹோட்டல்ல "ம்பு"ன்னு சொல்லி வலை கேளுங்க, சிரிச்சுக்கிட்டே கொண்டு வருவாங்க.

நாலு: இன்சூரன்ஸ். அந்த "பீமா" இதுக்குத்தான். காட்டுக்குள்ள இருந்து ஆஸ்பத்திரிக்குத் தூரம் அதிகம். நைரோபியில 1957-ல் இருந்து பறக்கும் மருத்துவர் சேவை இயங்குது. உங்க பாலிசி விமான ஆம்புலன்ஸ் செலவை ஏத்துக்குமான்னு படிச்சுப் பார்த்து வாங்குங்க.

ஐந்து: இதுதான் உயிர் காக்கிறது. ஊருக்குத் திரும்பி மூணு மாசத்துக்குள்ள காய்ச்சல் வந்தா, டாக்டர் கேட்கிற வரைக்கும் காத்திருக்காதீங்க. உட்கார்ந்ததும் முதல் வாக்கியமா "நான் கென்யா போயிட்டு வந்தேன்"னு சொல்லுங்க. ஒரு வருஷம் வரைக்கும்கூடச் சொல்றது நல்லது. மாத்திரை ஒழுங்கா போட்டிருந்தாலும் சொல்லுங்க.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்? ஃபால்சிபேரம் ஆரம்பத்துல சாதாரண வைரல் காய்ச்சல் மாதிரியேதான் இருக்கும். தலைவலி, உடம்புவலி, சிலருக்கு வயிற்றுப்போக்கு. நம்ம ஊர் கிளினிக்ல முதல்ல டெங்கு, டைபாய்டு பக்கம்தான் யோசிப்பாங்க. பாராசிட்டமால்ல இரண்டு நாள் ஓட்டினா, அந்த இரண்டு நாள்லயே நோயாளி நினைவு தப்புற நிலைக்குப் போகலாம். அன்னிக்கே ரத்தப் பரிசோதனை செய்யணும். முதல் பரிசோதனையில ஒண்ணும் தெரியலைன்னாலும் அடுத்த இரண்டு நாள் திரும்பப் பார்க்கணும். நேரத்துல கண்டுபிடிச்சா ஆர்ட்டிமிசினின் வகை மருந்துகளால முழுசா குணமாகிற நோய் இது. நேரத்துல கண்டுபிடிக்க டாக்டருக்குத் தேவைப்படுறது நீங்க சொல்ற அந்த ஒரு ஊர்ப்பேர்.

சக மருத்துவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். காய்ச்சல்னு யார் வந்தாலும் "வெளியூர், வெளிநாடு எங்கயாவது போனீங்களா?"ன்னு ஒரு கேள்வி கேட்டுடுவோம். பத்து செகண்ட்தான் ஆகும்.

சில சில்லறைக் குறிப்புகள்: 2024 ஜனவரியில இருந்து விசாவுக்குப் பதிலா ஆன்லைன் பயண அனுமதி, கிளம்புறதுக்கு முன்னாடியே வாங்கிடணும். பிளாஸ்டிக் கேரி பேக் 2017-ல் இருந்து தடை, பருப்புப் பொடியைத் துணிப்பையில கட்டுங்க. ஏரித் தண்ணியில இறங்காதீங்க, நத்தை மூலமா ஒரு ஒட்டுண்ணி தோல் வழியா உள்ள வரும். கடல்ல தாராளமா குளிங்க, பவளப்பாறை இருக்கிற இடத்துல செருப்போட. குரங்குக்குச் சாப்பாடு நீட்டாதீங்க, கடிச்சா வெறிநாய்க்கடிக்குப் போடுற அதே ஊசிதான்.

போயிட்டு வாங்க நண்பர்களே. மாராவுக்கு ஒதுக்குற நாள்ல இரண்டைக் குறைச்சு மொம்பாசா பக்கம் போங்க. ரயில்ல போங்க. தேங்காய்ப் பால் துவரை சாப்பிடுங்க. சுவாஹிலியில சஃபாரின்னா பயணம்னுதான் அர்த்தம். "சஃபாரி ன்ஜெமா"ன்னு வாழ்த்துவாங்க, பயணம் நல்லா அமையட்டும்னு.

கிளம்புற தேதி முடிவானவங்க கீழே கேள்வி இருந்தா கேளுங்க. மாத்திரை பேர் மட்டும் கமெண்ட்ல கேட்காதீங்க, அதுக்கு உங்க டாக்டரை நேர்ல பாருங்க.